மணப்பாட்டுக்கு நேரே, பதினாறு பாகம்

விக்டோரியா அக்காவை அடக்கம் பண்ணிய அன்று ஆலந்தலையில் செல்போன் சிக்னல் நாலு கோடும் முழுசாக இருந்தது. கோயில் வாசலில் நின்று ஒருவர் துபாயிலிருக்கும் தன் மகனுக்கு அடக்கத்தை நேரலையில் காட்டிக்கொண்டிருந்தார். படம் ஓரிடத்தில்கூட நின்று நின்று ஓடவில்லை. எனக்கு அந்த மனிதர்மேல் காரணமே இல்லாமல் கோபம் வந்தது. பத்து வருடத்துக்கு முன்னால் இதே வாசலில் ஒரே ஒரு குறுஞ்செய்தி போவதற்காகக் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றவன் நான். கோபப்பட வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்துவிட்டு, சம்பந்தமில்லாத ஆள்மேல் பாய்வது என்னுடைய பழைய வியாதி.

என் பெயர் ஆவுடையப்பன். ஏரலுக்குப் பக்கத்தில் நெல் விளையும் ஊர். தண்ணீர் என்றால் எனக்கு வாய்க்கால் தண்ணீர்தான், நீச்சல்கூடத் தெரியாது. அப்படிப்பட்டவனை, மீனவர்களுக்குக் கடல் செய்தி கொண்டுசேர்க்கும் வேலைக்குத் தூத்துக்குடியில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம் எடுத்தது. ஆலந்தலைக்காரர்கள் முதல் நாளே என்னை 'வயக்காட்டு சார்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கூப்பிட்டதில் தப்பொன்றும் இல்லை.

நான் முதலில் கொண்டுபோனது ஒரு செயலி. காற்று, அலை, நீரோட்டம் எல்லாம் கலர் கலராக வரும். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து யாரோ செய்தது. தூத்துக்குடியில் அது திறக்க ஏழு நிமிடம் ஆகும், ஆலந்தலையில் திறக்கவே திறக்காது. கடலில் மூன்று மைல் தாண்டினால் பேச்சே இல்லை. ஒரு பெரியவர் என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, படம் நல்லா இருக்கு சார், காத்து வந்தா இதையும் கூட்டிக்கிட்டு வரும் போல என்றார். மேலிடத்துக்கு எழுதிப் போட்டேன். ஆறு மாதம் இழுத்தடித்த பிறகு ஏற்பாட்டை மாற்றினார்கள். வானிலை எச்சரிக்கை ஒரு குறுஞ்செய்தியாக ஊருக்கு வரும், கூடவே பதிவு செய்த குரல் ஒன்று போனில் கூப்பிட்டுச் சொல்லும். அதை வாங்கிக் கடலுக்குள் இருப்பவர்களுக்குச் சொல்ல ஒரு வயர்லெஸ். ஊர்ச் சமுதாயக்கூடத்து மாடியில் உயரமாக ஒரு கம்பி, கீழே அறையில் ஒரு பெட்டி, வள்ளத்துக்கு ஒன்றாகக் கைப்பெட்டி. ஒரே அலைவரிசை. ஒருவர் பேசினால் பக்கத்து ஊர் வள்ளங்கள் வரை எல்லோர் காதிலும் விழும். தெருக்குழாய் மாதிரி, யாருக்கும் தனியாகக் கிடையாது.

கரையில் இருந்து பேச ஆள் வேண்டும். ஆண்கள் எல்லோரும் கடலில். ஊர்க்கமிட்டியில் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள். விக்டோரியா. அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணமாகி நாலாம் வருடம் கணவர் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர, பிள்ளை இல்லாமல் தகப்பன் வீட்டுக்குத் திரும்பி வந்தவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசகம் வாசிப்பது அவர்தான். கோயில் ஒலிபெருக்கி கரகரவென்று இரைந்தாலும் அவர் வாசிப்பதில் ஒரு சொல் தப்பாமல் கேட்கும். எனக்கு அது போதும் என்று பட்டது. பிறகுதான் தெரிந்தது, அவர் பேசுவதைவிடக் கேட்பதில் பெரிய கெட்டி. இரைச்சலுக்கு நடுவில் யாராவது தொண்டையைச் செருமினால் போதும், இது இன்னார் வள்ளம் என்று சொல்லிவிடுவார்.

அவர் வேலை இப்படி. காலை ஆறு மணி, ஒன்பது மணி, பன்னிரண்டு மணி என்று மூன்று தடவை, ஒவ்வொரு வள்ளமாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவர்கள் தாங்கள் எந்த ஊருக்கு நேரே, எத்தனை பாகத்தில் கிடக்கிறோம் என்று சொல்ல வேண்டும். இரண்டு கையையும் அகல விரித்தால் ஒரு பாகம், கடலின் ஆழத்துக்கு அதுதான் கணக்கு. வடக்கே காயல்பட்டினம், தெற்கே மணப்பாடு, நடுவில் ஆலந்தலை. சொன்னதை அக்கா நோட்டில் எழுதிக்கொள்வார். ஏதாவது ஆனால் எங்கே தேடுவது என்று தெரிய வேண்டுமே. அந்த நோட்டில் கோடு போட்டு, கட்டம் கட்டிக் கொடுத்தவன் நான்தான்.

ஆனால் அந்த நோட்டில் இருந்ததில் பாதிக்கு மேல் பொய்.

இது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கடலுக்கடியில் பாறைத்திட்டு இருக்கும் இடத்தைப் 'பார்' என்பார்கள். விளமீனும் களவாயும் அங்கேதான் கிடக்கும். நல்ல பாரைக் கண்டுபிடித்தவன் அதை வெளியில் சொன்னால், தூண்டிலை இரண்டு தடவை இறக்குவதற்குள் நாற்பது வள்ளம் வந்து நிற்கும். அதனால் எல்லோர் காதிலும் விழும் வயர்லெஸில் எவனும் உள்ளதைச் சொல்ல மாட்டான். வடக்கே கிடப்பவன் தெற்கே என்பான், பெட்டி நிறைய மீனை வைத்துக்கொண்டு ஒரு பொட்டு மீன் இல்லை என்று புலம்புவான். கேட்கிறவனும் நம்ப மாட்டான். வயர்லெஸ் பொய்யைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லத் தேவையில்லை என்று ஊரில் ஒரு கேலி உண்டு. நானும் சிரித்தேன். தூத்துக்குடிக் கூட்டத்தில் இதை வேடிக்கைக் கதையாகச் சொல்லிக் கைதட்டலும் வாங்கினேன். கட்டம் கட்டிக் கொடுத்தவன், கட்டத்துக்குள் என்ன எழுதப்படுகிறது என்பதை வேடிக்கை பார்த்தேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அக்காவுக்கு ஒரு தம்பி. பெவின். அவரைவிடப் பதினான்கு வயது சின்னவன். அம்மா சீக்கிரமே இறந்துபோனதால் அக்காதான் வளர்த்தார். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினது, கடலுக்கு அனுப்பினது, புன்னக்காயலில் பெண் பார்த்து விஜிலாவைக் கட்டிவைத்தது எல்லாம் அவர்தான். மூன்று பேரும், பெவினின் சின்ன மகளும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சாப்பிட்டார்கள். ஊரில் எவன் எங்கே கிடந்தாலும் அக்கா பொறுத்துக்கொள்வார். தம்பி எங்கே கிடக்கிறான் என்று தெரியாமல் அவருக்கு ஒரு வாய் காப்பி இறங்காது. அதற்காக ஒரு வழி செய்தார். அதை என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

"அவங்கிட்ட சொல்லிட்டேன் தம்பி. பொய் சொல்லணும்னா சொல்லிக்கோ. ஆனா தெசைய மட்டும் மாத்து, பாகத்த மாத்தாத. நீ மணப்பாடுன்னா நான் காயல்னு எடுத்துக்குவேன். ஊருக்குப் பொய்யி, எனக்கு நெசம்."

கெட்டிக்காரத்தனம் என்றுதான் எனக்கும் தோன்றியது. மூன்று வருடம் அப்படியே நடந்தது. அவன் காயல் என்பான். அக்கா நோட்டில் காயல் என்று எழுதிவிட்டு, மனசுக்குள் மணப்பாடு என்று வாசித்துக்கொள்வார். அதன் பிறகுதான் காப்பித் தம்ளரைக் கையில் எடுப்பார்.

2018 ஆடி மாதம். கச்சான் காற்று வீசும் காலம். மேற்கே தரையிலிருந்து கிளம்பி வள்ளங்களைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போகும் காற்று அது. அந்த மாதத்தில் பெவினுக்கு நல்ல யோகம். காயலுக்கு நேரே ஒரு பாரைக் கண்டுவைத்திருந்தான். பத்து நாளாக விளமீன் அள்ளிக்கொண்டு வந்தான். பத்து நாளும் வயர்லெஸில் மணப்பாடு, மணப்பாடு என்றே சொன்னான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி சுமாருக்குக் குறுஞ்செய்தி வந்தது. பின்னாலேயே பதிவுக் குரலும் கூப்பிட்டது. காற்று திடீரென்று உரக்கும், வள்ளங்கள் உடனே கரை திரும்ப வேண்டும். அக்கா பன்னிரண்டு மணிக்குக் காத்திருக்காமல் வயர்லெஸை எடுத்தார். இருபத்தொன்பது வள்ளம் கடலில் இருந்தன. ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஒவ்வொன்றும் இடத்தைச் சொல்லித் திரும்புகிறேன் என்றது. பெவினின் குரல் விட்டு விட்டுக் கேட்டது. "கேட்டாச்சு. மணப்பாட்டுக்கு நேரே, பதினாறு பாகம். திரும்புதேன்."

அக்கா எழுதிக்கொண்டார். மனசுக்குள் காயல் என்று வாசித்தார்.

இரண்டரை மணிக்குள் இருபத்தெட்டு வள்ளம் கரையேறிவிட்டன. பெவின் வரவில்லை. அவனோடு போயிருந்த ரெனிஷும் வரவில்லை. வயர்லெஸில் கூப்பிட்டால் பதில் இல்லை. எனக்குப் போன் வந்தது. ஏரலிலிருந்து பைக்கில் நான் போய்ச் சேரும்போது மூன்றரை மணி. மணல் முகத்தில் அடித்தது. கரையில் ஊரே நின்றது. இந்தக் காற்றில் திரும்பவும் கடலுக்குள் போக ஏழு வள்ளம்தான் துணிந்திருந்தன. அதுவே பெரிய காரியம். எந்தப் பக்கம் போவது என்று கமிட்டித் தலைவர் அக்காவிடம் கேட்டார். அவன் சொன்னதை எல்லோரும் கேட்டிருந்தார்கள், அதை ஒருவரும் நம்பவில்லை. உள்ளது அக்காவுக்குத் தெரியும் என்றுதான் கேட்டார்கள்.

காயலுக்கு நேரே, பதினாறு பாகம் என்றார் அக்கா. கொஞ்சமும் தடுமாறவில்லை.

விஜிலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மகளை இடுப்பில் வைத்திருந்தாள்.

"மைனி, அவிய மணப்பாடுன்னுதான சொன்னாவ. நானும் கேட்டேன்லா."

"ஏளா, அவன் சொல்லுதது வேற, கெடக்கது வேற. ஒனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"ரெண்டு வள்ளமாவது அங்கன போட்டும் மைனி."

"இருக்கதே ஏழு. பிரிச்சு விட்டா ரெண்டு பக்கமும் ஒண்ணும் ஆவாது. நான் சொல்லுதேன்லா."

விஜிலா என்னைப் பார்த்தாள். படித்தவன், வயர்லெஸ் கொண்டுவந்தவன், ஒரு வார்த்தை சொல்லுவேன் என்று பார்த்திருப்பாள். அக்காவுக்குத் தெரியும்மா என்றேன் நான். அந்த இரண்டு வார்த்தையை நான் இன்றுவரை விழுங்க முடியாமல் வைத்திருக்கிறேன். மீன்வளத்துறைக்குப் போன் போட்டு இடத்தைச் சொன்னதும் நான்தான். காயல் என்று சொன்னேன். அவர்களும் நாங்கள் சொன்ன இடத்தில்தான் தேடினார்கள்.

ஏழு வள்ளமும் வடக்கே போயின. பொழுது சாயும்வரை தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தன.

மறுநாள் விடிந்ததும் மணப்பாட்டு வள்ளம் ஒன்று ரெனிஷைக் கண்டது. காலி டீசல் கேன் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி மிதந்துகொண்டிருந்தான். கொஞ்ச தூரத்தில் வள்ளம் குப்புறக் கிடந்தது. பெவினின் உடல் நாலாம் நாள் கிடைத்தது.

நடந்ததை ரெனிஷ் சொன்னான். காயல் பாருக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் மோப்பம் பிடித்து வர ஆரம்பித்ததால், அன்றைக்குக் காலையில் பெவின் இடத்தை மாற்றித் தெற்கே போயிருந்தான். எச்சரிக்கை வந்தபோது மணப்பாட்டுக்கு நேரேதான் கிடந்தார்கள். பதினாறு பாகம். ஆபத்து நேரத்தில் எவனாவது பொய் சொல்வானா என்று அவன் உள்ளதைச் சொல்லியிருக்கிறான். சொல்லி முடித்துக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. கைப்பெட்டியில் பேட்டரி இறங்கிவிட்டது. அக்காதான் இடத்தை எழுதியிருக்கிறாளே, இங்கனயே கெடப்போம், வந்துருவாவ என்று அதே இடத்தில் நங்கூரத்தைப் போட்டிருக்கிறான். எஞ்சின் நின்றால் காற்று இழுத்துக்கொண்டு போகாமல் நங்கூரம் போடுவதுதான் முறை. முறைப்படி எல்லாம் செய்தான். சொன்ன இடத்திலேயே ஆறு மணி நேரம் காத்திருந்தான். சாயங்காலம் முழுக்க வள்ளத்தின் முனையில் நின்று போனைத் தூக்கிப் பிடித்துச் சிக்னல் தேடிக்கொண்டே இருந்தான் என்றான் ரெனிஷ். பொழுது மசங்கும் நேரத்தில், போன் நனையாமல் டப்பாவில் போட்டு மூடிவைத்த கொஞ்ச நேரத்தில், ஒரு பெரிய அலை குறுக்கே விழுந்து வள்ளத்தைக் கவிழ்த்துவிட்டது.

மணப்பாட்டுக்காரர்களும் பதினோரு மணிக்கு அவன் சொன்னதை வயர்லெஸில் கேட்டிருக்கிறார்கள். ஆலந்தலைக்காரன் நம்ம ஊருக்கு நேரே கெடக்கேன்னு சொன்னா வேற எங்கயோ கெடக்கான் என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் கரையிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்துக்குக் கொஞ்சம் அப்பால்தான் அவன் இருந்தான். உண்மையை அத்தனை ஊரும் கேட்டது.

அக்கா அழவில்லை. அழாததைப் பற்றி ஊர் என்னென்னவோ பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. நான் பார்க்கப் போனபோது அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"பொய் சொல்லுததுக்கு ஒரு ஏற்பாடு பண்ணி வச்சிருந்தேன் தம்பி. நெசம் சொல்லுததுக்கு ஏற்பாடு பண்ணலியே."

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு, வேறு யாரையாவது ஏற்பாடு செய்ய வேண்டுமே என்று நான் யோசித்துக்கொண்டு போனால், அக்கா வந்து பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பொத்தானை அழுத்தினார். ஆலந்தலை கரை பேசுதேன் என்று ஆரம்பித்தார். தனக்கும் தம்பிக்கும் இருந்த ஏற்பாட்டை, தான் திசையை மாற்றிச் சொன்னதை, அதனால் அவன் செத்ததை, பூசையில் வாசகம் வாசிக்கிற அதே குரலில் முழுசாகச் சொன்னார். காயலிலிருந்து மணப்பாடு வரை எத்தனை வள்ளம் கடலில் கிடந்ததோ அத்தனையும் கேட்டது. ஒருவனும் குறுக்கே பேசவில்லை. கடைசியில், இனிமேல் உள்ளதைச் சொல்லுகிறவனுக்குத்தான் நான் பதில் சொல்லுவேன் என்றார். பிறகு முதல் வள்ளத்தைக் கூப்பிட்டார். அவன் இடத்தைச் சொன்னான்.

"நெசமா?" என்று கேட்டார் அக்கா.

கொஞ்சம் தாமதித்து, "நெசம்" என்று வந்தது.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். இடத்தைச் சொல்ல வேண்டும், அக்கா நெசமா என்று கேட்பார், நெசம் என்று முடிக்க வேண்டும். பக்கத்து ஊர்க்காரர்கள் முதலில் கேலி செய்தார்கள். எல்லோரும் ஒரே நாளில் அரிச்சந்திரன் ஆகிவிட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவன் உள்ளதைச் சொல்ல, இன்னொருவன் அந்த இடத்துக்கே போய் நிற்க, கடற்கரையில் சட்டையைப் பிடித்துக்கொண்ட சண்டையும் நடந்தது. ஒருவன் சொல்லிக் கிடக்கும் பாருக்கு அன்றைக்கு அடுத்தவன் போகக் கூடாது என்று கமிட்டி ஒரு விதி போட்டது. சிலர் அதற்குப் பிறகும் பொய் சொல்லத்தான் செய்தார்கள். ஆனால் அக்கா நெசமா என்று கேட்டதும் பதில் வரத் தாமதமானால், எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதன் பிறகு மூன்று வள்ளங்கள் எஞ்சின் பழுதாகிக் கிடந்தன. மூன்றையும் சொன்ன இடத்தில் போய் இழுத்து வந்தார்கள்.

ஊரெல்லாம் அக்காவிடம் பேசியது. விஜிலா பேசவில்லை.

தாய்வீடு போயிருக்கலாம், போகவில்லை. அதே வீடு, அதே அடுப்பு. ஒருத்தி சோறு வடிப்பாள், ஒருத்தி குழம்பு வைப்பாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் மகள் மூலமாகப் போகும். உங்க அத்தைகிட்ட சொல்லு, உங்க அம்மாகிட்ட கேளு. ஒரு வருடம், இரண்டு வருடம் என்றால் கோபம் என்று விட்டுவிடலாம். ஆறு வருடம். விஜிலாவின் கோபம் நியாயம்தானே என்று ஊரும் விட்டுவிட்டது. நான் விடவில்லை. இதிலாவது உபயோகமாக இருப்போமே என்று ஒருநாள் அக்காவிடம், விஜிலாவிடம் நான் பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"அவ பேசாம இருக்கதுதான் எனக்குத் தண்டன. அதுல கொறைக்கச் சொல்லி அவகிட்ட போய் நிக்காதீங்க."

போன வருடம் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. தூத்துக்குடியில் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் விஜிலாதான் கூட இருந்தாள். குளிப்பாட்டினாள், கஞ்சி ஊட்டினாள், தலை வாரிவிட்டாள். வாயை மட்டும் திறக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் அவளை ஊமை என்றே நினைத்தார்கள்.

கடைசியாக நான் பார்க்கப் போன அன்று விஜிலா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசி நேரத்தில் தம்பி என்ன நினைத்திருப்பான் என்று கேட்டார். அவரே சொல்லிக்கொண்டார்.

"நான் தப்பா அனுப்புனது அவனுக்குத் தெரியாதுல்லா. அக்கா ஆளு அனுப்பிருப்பா, இன்னா வந்துருவாவன்னு நெனச்சுக்கிட்டேதான் போயிருப்பான். அது ஒண்ணுதான் தம்பி எனக்கு."

ஆமாக்கா என்றேன். அதை நான் மனசாரத்தான் சொன்னேன்.

மாசி முதல் வாரத்தில் இறந்துபோனார். ஐம்பத்தேழு வயது. சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது கடலில் இருந்தவர்கள்கூடத் திரும்பி வந்திருந்தார்கள். அவரவர் கைப்பெட்டியை அணைத்துவிட்டு நின்றார்கள்.

எல்லாம் முடிந்து எல்லோரும் போன பிறகு விஜிலா என்னை வீட்டுக்குள் கூப்பிட்டாள். கை நனைத்துவிட்டுப் போகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பீரோவைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தாள். மூடி இறுக்கிய பெரிய வாயகன்ற டப்பா. கடலுக்குப் போகிறவர்கள் போன் நனையாமல் அதில் போட்டு மூடி, வள்ளத்தோடு சேர்த்துக் கட்டிவைப்பார்கள். கவிழ்ந்த வள்ளத்தில் கட்டியபடி கிடந்ததை மணப்பாட்டுக்காரர்கள் அவிழ்த்து அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே பெவினின் பழைய பொத்தான் போன் இருந்தது. சார்ஜ் போட்டு வைத்திருந்தாள். எதையோ அழுத்தி என்னிடம் நீட்டினாள்.

ஒரு குறுஞ்செய்தி. அக்காவின் எண்ணுக்கு எழுதியது. அனுப்பப்படவில்லை என்று அதன் மேலேயே இருந்தது. நேரம் மாலை நாலு மணி ஐந்து நிமிடம். ஏழு வள்ளமும் வடக்கே போய்க்கொண்டிருந்த நேரம்.

'அக்கா மணப்பாடுதான். மாத்திராத. இன்னைக்கு நெசம்.'

நான் இரண்டு தடவை வாசித்தேன். காத்திருந்த ஒருவனுக்கு ஏதோ ஒரு நேரத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. அக்கா எங்கே ஆளை அனுப்பியிருப்பாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகுதான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

இதை ஏன் யாரிடமும் காட்டவில்லை என்று கேட்டேன். விஜிலா முந்தானையால் போனைத் துடைத்து மறுபடியும் டப்பாவுக்குள் வைத்தாள்.

"மொதல்ல கோவந்தான் அண்ணாச்சி. இத மைனி மூஞ்சில காட்டணும்னு எடுத்துட்டுப் போனேன். மைனி அந்த நோட்ட வச்சுக்கிட்டு இருந்தாவ. 'அவனுக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியாது'ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டு இருந்தாவ. திரும்பி வந்துட்டேன். வாயத் தொறந்தா இதான் வந்துரும்னு பயம். அதான் தொறக்கல."

டப்பாவின் மூடியைத் திருகி மூடினாள்.

"ஆஸ்பத்திரில ஒருநாளு மைனியே கேட்டாவ. 'ஏளா, அவன் போனத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னாம்னு ரெனிஷ் சொன்னாம்லா. அதுல எனக்கு எதுவும் எழுதிருந்தானா?'ன்னு. இல்லன்னு தலைய ஆட்டுனேன். 'நெசமா?'ன்னு கேட்டாவ."

டப்பாவைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள்.

"'நெசம்'னு சொன்னேன் அண்ணாச்சி. ஆறு வருசத்துல அவியட்ட நான் பேசுன வார்த்த அது ஒண்ணுதான்."